அம்மாவின் 20 பவுனை வைத்து அமெரிக்க பிசியோதெரபி தேர்வு எழுதலாமா?

கேள்வி: எனக்கு 26 வயது. மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். பி.பி.டி. (பிசியோதெரபி பட்டப்படிப்பு) முடித்துவிட்டு தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். சம்பளம் 18,000 ரூபாய். அமெரிக்காவில் உரிமத் தேர்வு எழுத ஆசை. ஒரு ஏஜென்சி தேர்வு, விசா, வேலை எல்லாவற்றுக்கும் சேர்த்து 12 லட்சம் கேட்கிறது. அம்மாவிடம் 20 பவுன் இருக்கிறது. அப்பாவுக்கு ஆறு மா (சுமார் இரண்டு ஏக்கர்) நிலம். கூட்டுறவு சொசைட்டியில் விவசாய நகைக்கடன் வாங்கித் தருகிறேன் என்கிறார். வேலையை விட்டுவிட்டு ஆறு மாதம் கோச்சிங் போகலாமா என்றும் யோசனை. என்ன செய்யலாம்?

பதில்: தேர்வு எழுதுங்கள். 12 லட்சத்தை மட்டும் கொடுக்காதீர்கள்.

கணக்கை முதலில் பார்ப்போம். 12 லட்சத்தை 10 சதவீத வட்டிக்கு வாங்கினாலே மாதம் 10,000 ரூபாய் வட்டி. உங்கள் சம்பளத்தில் மீதி 8,000. தஞ்சாவூரில் ஹாஸ்டல் வாடகையும் சாப்பாடும் போனால் கையில் ஒன்றும் நிற்காது, அசல் அப்படியே இருக்கும். இந்த நிலை எத்தனை நாளைக்கு என்பதுதான் கேள்வி. ஏஜென்சி அதை உங்களிடம் சொல்லியிருக்காது.

இந்தத் தேர்வுக்கு என்.பி.டி.இ. என்று பெயர் என்பது உங்களுக்குத் தெரியும். கட்டணம் 485 டாலர். டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 43,650 ரூபாய். தேர்வு மையத்துக்குத் தனியாகக் கொஞ்சம் கட்ட வேண்டும். அவ்வளவுதான், பெரிய தொகை இல்லை. ஆனால் தேர்வை அமெரிக்காவுக்குப் போய்த்தான் எழுத வேண்டும். அதற்கு விசிட்டர் விசா. விண்ணப்பக் கட்டணம் 185 டாலர், அதாவது 16,650 ரூபாய். சென்னை துணைத் தூதரகத்தில் விசா மறுத்துவிட்டால் அந்தப் பணம் திரும்பாது. விமானம், தங்குவது எல்லாம் சேர்த்து ஒன்றரை முதல் இரண்டு லட்சம் என்று நான் போடுகிறேன். அங்கே சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் குறையும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு படி இருக்கிறது. உங்கள் பி.பி.டி. படிப்பு அங்குள்ள படிப்புக்கு ஈடானதா என்ற மதிப்பீடு. எந்த மாநிலத்தில் உரிமம் கேட்கிறீர்களோ, அந்த மாநில வாரியம் ஏற்கும் அமைப்புதான் இதைச் செய்ய வேண்டும். பல மாநிலங்கள் எஃப்.சி.சி.பி.டி. என்ற அமைப்பை ஏற்கின்றன. நீங்கள் படித்த ஒவ்வொரு பாடத்தின் மணி நேரத்தையும் அவர்கள் எண்ணுவார்கள். மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகமே உறையில் போட்டு முத்திரை வைத்து நேராக அனுப்ப வேண்டும். நீங்கள் பிரித்துவிட்டு ஒட்டி அனுப்பினால் செல்லாது. கிண்டியில் உள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் படித்திருந்தால், மன்னார்குடியிலிருந்து ஒரு நாள் லீவு போட்டுப் போய்வரத் தயாராக இருங்கள். பாடத்திட்ட நகலைக் கல்லூரியில் இப்போதே கேட்டு வாங்குங்கள். இதில்தான் பலருக்கு மாதக்கணக்கில் இழுக்கிறது.

மதிப்பீட்டில் பாடங்கள் குறைகின்றன என்று வந்தால் அவற்றை அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் படித்து நிரப்ப வேண்டியிருக்கும். டாலரில் கட்டணம். அது எவ்வளவு என்று இப்போது யாருக்கும் தெரியாது, ஏஜென்சிக்கும் தெரியாது. தெரியாத செலவுக்கு எப்படி மொத்தமாக 12 லட்சம் என்று விலை சொன்னார்கள்?

அதனால் பணத்தைப் படிப்படியாக விடுங்கள். மதிப்பீட்டுச் செலவு உங்கள் சம்பளச் சேமிப்பிலிருந்து போகட்டும். மாதம் 6,000 ரூபாய் ஆர்.டி. போடுங்கள். அறிக்கை சாதகமாக வந்தால் மட்டும் தேர்வுக் கட்டணம். தேர்வுக்குப் பதிவு உறுதியானால் மட்டும் விசா, பயணம். அம்மாவின் நகையைத் தொட வேண்டுமென்றால் இந்தக் கடைசிப் படிக்கு மட்டும், ஐந்தாறு பவுனோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தேர்வு வருடத்துக்கு நான்கு முறை: ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர். சம்பா அறுவடை முடிந்து கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வங்கியில் ஏற மாசி, பங்குனி ஆகிவிடும். அதனால் ஜூலைத் தேர்வைக் குறி வையுங்கள். ஜனவரித் தேர்வு என்றால் நடவும் உரமும் களையெடுப்புமாக அப்பாவின் கை காலியாக இருக்கும் நேரத்தில் டிக்கெட் போட வேண்டியிருக்கும்.

சொசைட்டி நகைக்கடன் வேண்டவே வேண்டாம். அது பயிருக்கான கடன். 3 லட்சம் வரை 7 சதவீதம், ஒழுங்காகக் கட்டினால் வட்டிச் சலுகையும் உண்டு என்பதால் அப்பாவுக்கு ஆசை வருவது நியாயம். ஆனால் ஒரு வருடத்தில் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் சலுகை போகும், மேட்டூர் திறந்து குறுவைக்கு நாற்றங்கால் விடும்போது புதுக்கடனும் கிடைக்காது. 2021-ல் கூட்டுறவு நகைக்கடன் 5 பவுன் வரை தள்ளுபடி ஆனதே, மறுபடியும் ஆகும் என்று டீக்கடையில் யாராவது சொல்வார்கள். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

வேலையை விடுவது? ஆறு மாதச் சம்பளம் 1,08,000 ரூபாய். இரண்டு முறை தேர்வுக் கட்டணம் கட்டுவதைவிட அதிகம். கேள்விகள் பெரும்பாலும் ஒரு நோயாளியின் நிலைமையைச் சொல்லி அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்பவை. நடவு நட்டு முட்டி தேய்ந்து வரும் அம்மாக்களும் பக்கவாதம் வந்து கை தூக்க முடியாத தாத்தாக்களும் உங்கள் வார்டிலேயே இருக்கிறார்கள். முடிந்தால் இரவு ஷிப்ட் குறைத்துக் கேளுங்கள். தேர்வு நடத்தும் அமைப்பே விற்கும் மாதிரித் தேர்வை வாங்குங்கள். அதில் தேறாமல் டிக்கெட் போடாதீர்கள்.

ஏனென்றால் 'சும்மா ஒரு தடவை எழுதிப் பார்ப்போம்' என்பது இங்கே செல்லாது. மதிப்பெண் 200 முதல் 800 வரை, தேர்ச்சி 600. 12 மாதத்தில் மூன்று முறை, வாழ்நாளில் ஆறு முறைதான் எழுதலாம். 400 அல்லது அதற்குக் கீழே இரண்டு முறை வாங்கினால் அதோடு சரி, பிறகு அனுமதியே இல்லை. இன்னொன்று: முந்தைய தேர்வின் கேள்விகளை நினைவில் வைத்து எழுதிக் கொடுத்த தாள் என்று கோச்சிங் சென்டரில் யாராவது விற்றால் கையாலும் தொடாதீர்கள். இந்த விவகாரத்தால்தான் 2010-ல் இந்தியா உட்பட நான்கு நாடுகளில் படித்தவர்களுக்குத் தேர்வையே நிறுத்தி வைத்தார்கள். மாட்டினால் போட்ட பணம் மொத்தமும் போச்சு.

சரி, தேறிவிட்டீர்கள் என்றே வைப்போம். வேலை விசா? பிசியோதெரபிஸ்டும் நர்ஸும் அமெரிக்கத் தொழிலாளர் துறையின் 'அட்டவணை ஏ' பட்டியலில் இருப்பதால் கிரீன் கார்டுக்கு ஒரு நீண்ட கட்டத்தைத் தாண்டிவிடலாம் என்று ஏஜென்சி சொல்லும். உண்மைதான். ஆனால் வரிசை குறையாது. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்த வரிசை பத்தாண்டுக்கு மேல் நீள்கிறது. எச்-1பி என்ற தற்காலிக வேலை விசா வழியில் குலுக்கல் உண்டு, 2025 செப்டம்பரில் வந்த அறிவிப்பால் வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுக்கும் ஆளுக்கு 1,00,000 டாலர் கட்டணமும் சேர்ந்தது. எந்த மருத்துவமனை உங்களுக்காக அதைக் கட்டும்? நகைக்கடனோ ஒரு வருடத்தில் அசலும் வட்டியுமாகத் திருப்ப வேண்டியது. வரவு எப்போது என்றே தெரியாத காரியத்துக்கு ஒரு வருடக் கடனை மாட்டக்கூடாது என்பதுதான் என் ஆட்சேபணை, தேர்வின் மேல் இல்லை.

துபாய், சவுதி உரிமத் தேர்வுகளைச் சென்னையிலேயே கணினியில் எழுதலாம்; சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கட்டணம் உண்டு, பணி அனுபவம் கேட்பார்கள், உங்களிடம் இருக்கிறது. பிரிட்டனில் பதிவுக்கு இப்படி ஒரு தொழில் தேர்வு இல்லை, ஆவண மதிப்பீடுதான். அமெரிக்க மதிப்பீடு நடக்கும்போதே இவற்றில் ஒன்றைத் தொடங்கி வைக்கலாம்.

கார்டில் டாலர் கட்டும்போது வங்கி 2 முதல் 3.5 சதவீதம் வரை மார்க்கப் என்று கூடுதல் கட்டணம் பிடிக்கும், அதன்மேல் ஜி.எஸ்.டி. வேறு. மார்க்கப் இல்லாத கார்டு கிடைக்கிறதா என்று பாருங்கள்.

ஏஜென்சியிடம் எதற்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். ஒரிஜினல் சான்றிதழையோ தேதி போடாத காசோலையையோ கொடுக்காதீர்கள். மதிப்பீட்டு அறிக்கை கைக்கு வந்ததும் குறையும் பாடங்களின் பட்டியலோடு எனக்கு எழுதுங்கள், எந்தப் பணத்தில் எதைக் கட்டுவது என்று அப்புறம் பார்ப்போம்.