கத்துகிறவர் யாருக்காகக் கத்துகிறார்?

கேள்வி: கால்பந்து வர்ணனையில் வெள்ளைக்காரர்களின் கண்ணியம் எங்கே, தென் அமெரிக்க ஊளை எங்கே! ஒரு கோலுக்கு அரை நிமிடம் 'கோ...ல்' என்று இழுக்கிறார்கள். அழுகிறார்கள். கடவுளுக்கு நன்றி சொல்கிறார்கள். இப்போது மலையாளத்திலும் அந்த வியாதி தொற்றிக்கொண்டது. நிதானம் என்பது ரத்தத்தில் இருக்க வேண்டும் போல. டிவியில்தான் எல்லாம் தெரிகிறதே, வர்ணனையாளர் எதற்குக் கத்த வேண்டும்?
- தூத்துக்குடி வாசகர் ஒருவர்

பதில்: ரத்தத்தை விடுங்கள். யூடியூபில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய பேர்பெற்ற 'ஊளை'களில் பல டிவிக்காகப் பேசப்பட்டவையே அல்ல. வானொலியில் பேசியதை எடுத்து யாரோ பிற்பாடு டிவி படத்தின் மேல் ஒட்டியிருக்கிறார்கள். படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கிற உங்களுக்கு அது அதிகப்படியாகத் தெரிகிறது. அன்றைக்கு அதைக் கேட்டவர்களுக்குப் படமே கிடையாது.

நீங்கள் சொல்லும் அழுகையும் கடவுளுக்கு நன்றியும் அர்ஜென்டினா வானொலியில் வர்ணனை செய்த விக்டர் ஊகோ மொராலெஸ் என்பவருடையது. 1986 ஜூன் 22, மெக்சிகோ சிட்டியின் அஸ்டெகா மைதானம், உலகக் கோப்பைக் காலிறுதி. இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா போட்ட இரண்டாவது கோல். (முதல் கோலைக் கையால் போட்டார். அந்தப் பஞ்சாயத்து இன்றைக்கு வேண்டாம்.) "அண்டவெளிக் காற்றாடியே, நீ எந்தக் கிரகத்திலிருந்து வந்தாய்?" என்று கேட்டுவிட்டு, கால்பந்துக்காக, மரடோனாவுக்காக, இந்தக் கண்ணீருக்காக என்று கடவுளுக்கு நன்றி சொன்னார் மொராலெஸ். அர்ஜென்டினா ரத்தம் என்பீர்கள். மனிதர் உருகுவேக்காரர்! 1981-ல்தான் புவனோஸ் ஐரிஸுக்குக் குடிவந்தவர்.

அந்த ஒலிப்பதிவை அழுகையிலிருந்து கேட்காதீர்கள், அதற்கு முந்தைய சில நொடிகளிலிருந்து கேளுங்கள். பந்து மரடோனாவிடம், இரண்டு பேர் மறிக்கிறார்கள், பந்தை மிதிக்கிறார், வலப்பக்கமாகக் கிளம்புகிறார் என்று அச்சுப் பிசகாமல் சொல்லிக்கொண்டே வருகிறார். வேலையை முடித்துவிட்டுத்தான் அழுதார்.

சரி, அதே கோலை இங்கிலாந்துக்காரர்கள் எப்படிச் சொன்னார்கள்? பிபிசி டிவியில் பேரி டேவிஸ். அவர் வாயிலிருந்து வந்தது கிட்டத்தட்ட ஒரே வாக்கியம்: அற்புதம் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பிபிசி வானொலியில் பிரையன் பட்லர். அவர் நிறுத்தவே இல்லை. சின்ன விலாங்கு மீன் போலத் திரும்புகிறார், தொல்லையிலிருந்து நழுவி வருகிறார், குள்ளமான கட்டை மனிதர், இங்கிலாந்துத் தடுப்பாட்டக்காரர்கள் புட்சருக்கு உள்பக்கமாக, ஃபென்விக்குக்கு வெளிப்பக்கமாக என்று ஓடி ஓடி, உலகிலேயே சிறந்த ஆட்டக்காரர் இவர் என்பது இதனால்தான் என்று சொல்லி முடித்தார். இரண்டு பேரும் ஒரே நாடு, ஒரே நிறுவனம், தோற்றுக்கொண்டிருந்ததும் அவர்களுடைய அணிதான். ஒருவரைக் கேட்டவர்களுக்கு எதிரே படம் இருந்தது, இன்னொருவரைக் கேட்டவர்களுக்கு இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்தத் தொழிலின் தொடக்கத்திலேயே இது தெரிந்திருக்கிறது. 1927 ஜனவரியில் பிபிசி ட்விக்கன்ஹாமில் ஒரு ரக்பி ஆட்டத்தை நேரடியாக ஒலிபரப்பியது. மைக் முன்னால் டெடி வேக்லாம், முன்னாள் ரக்பி ஆட்டக்காரர். இப்படிப் பேசிப் பழக்கமில்லாத அவருக்காகத் தயாரிப்பாளர் ஒரு காரியம் செய்தார். போரில் பார்வையிழந்தவர்களுக்கான செயின்ட் டன்ஸ்டன்ஸ் நிறுவனத்திலிருந்து ஒருவரை அழைத்துவந்து உட்காரவைத்து, ஆட்டத்தை இவருக்குச் சொல்லு என்றார். அதைவிட நல்ல பயிற்சிப் பட்டறை இன்றுவரை யாரும் நடத்தியதாக எனக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம், ஜனவரி 22, ஹைபரியில் ஆர்சனல் - ஷெஃபீல்ட் யுனைடெட். வானொலியில் வந்த முதல் கால்பந்து லீக் ஆட்டம் அது. மைதானத்தை எட்டுக் கட்டங்களாகப் பிரித்த படம் ஒன்றை பிபிசியின் வார இதழ் அச்சிட்டிருந்தது. வேக்லாம் ஆட்டத்தைச் சொல்ல, பக்கத்திலிருந்த இன்னொருவர் பந்து எந்தக் கட்டத்தில் என்று எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்பவர் குருடாக்கப்பட்டிருக்கிறார், அவருக்குக் கண் கொடுப்பதுதான் வேலை என்று புரிந்துகொண்டவர்கள் அவர்கள்.

குளிர்ப் பிரதேசத்தாருக்கு நிதானம் அதிகம் என்று இன்னும் சந்தேகம் இருந்தால், நார்வேக்குப் போகலாம். 1981 செப்டம்பர் 9, ஆஸ்லோவில் நார்வே 2-1 என்று இங்கிலாந்தை வென்றது. வானொலியில் பியோர்கே லில்லேலியன் நெல்சனில் ஆரம்பித்து சர்ச்சில், ஆட்லீ, குத்துச்சண்டை வீரர் ஹென்றி கூப்பர், டயானா என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். மேகி தாட்சர், கேட்கிறதா, உங்கள் பையன்கள் செம உதை வாங்கிவிட்டார்கள் என்றார். அந்தத் தகுதிச் சுற்றில் நார்வேதான் கடைசி இடம், உலகக் கோப்பைக்குப் போனது இங்கிலாந்து என்பது வேறு கதை.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த சாட்சி ஆஸ்திரியா. 1978 ஜூன் 21, அர்ஜென்டினாவின் கோர்டோபா நகரம், உலகக் கோப்பை. ஆஸ்திரியா ஏற்கனவே போட்டியிலிருந்து வெளியேறிவிட்டது. எதிரே நடப்புச் சாம்பியன் மேற்கு ஜெர்மனி. ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது ஹான்ஸ் கிராங்கல் அடித்த கோலில் 3-2. ஆஸ்திரிய வானொலியில் எடி ஃபிங்கர், வியன்னாத் தெருப்பேச்சில், "எனக்குப் பைத்தியம் பிடிக்கப்போகுது" என்று அலறினார். பக்கத்தில் இருந்த சக ஊழியர்களின் பெயரைச் சொல்லி, ஒருவரையொருவர் முத்தமிட்டுக்கொள்கிறோம் என்று நேரலையிலேயே அறிவித்தார். அதில் ஒருவரை எஞ்சினியர் பட்டத்தோடு சேர்த்துச் சொன்னார்! பைத்தியம் பிடிக்கும் நேரத்திலும் மரியாதை தவறாத ஊர். ஆஸ்திரியாவில் இன்றைக்கும் சின்னப் பிள்ளைக்குக்கூட அந்த வரி தெரியும். அதே ஆட்டத்துக்கு ஆஸ்திரிய டிவியிலும் ஒருவர் வர்ணனை செய்தார். ராபர்ட் சீகர். அவர் என்ன சொன்னார் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் தேட வேண்டும்.

1954 உலகக் கோப்பையின் பெர்ன் இறுதிப்போட்டியும் இப்படித்தான். ஹங்கேரியை ஜெர்மனி 3-2 என்று வென்றபோது ஹெர்பர்ட் சிம்மர்மன் கோல் கோல் என்று கத்தியது வானொலியில். கோல்கீப்பர் டோனி டூரெக்கை 'கால்பந்துக் கடவுள்' என்று சொன்னதற்காக மனிதர் பிற்பாடு மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. 12 வருடம் கழித்து வெம்ப்ளியில், இங்கிலாந்து - மேற்கு ஜெர்மனி உலகக் கோப்பை இறுதிப்போட்டியில், பிபிசி டிவிக்காக கென்னத் வோல்ஸ்டன்ஹோம். மைதானத்துக்குள் சிலர் இறங்கிவிட்டார்கள், எல்லாம் முடிந்ததென்று நினைக்கிறார்கள் என்கிறார். ஜெஃப் ஹர்ஸ்ட் பந்தை அடிக்கிறார். "இப்போது முடிந்தது." குரல் கொஞ்சம் உயர்ந்ததோடு சரி. போரில் ஒருவர் ஜெர்மானிய டாங்கிப் படை அதிகாரி, மற்றவர் பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானி. இரண்டு பேருக்கும் நிதானத்தில் குறை இருந்திருக்க முடியாது.

நீளமான 'கோ...ல்' பிரேசில் வானொலியில் பிறந்தது. 1940-களில் ரெபெலோ ஜூனியர் என்பவர் ஆரம்பித்தார் என்பார்கள். பேர்பெற்ற இசையமைப்பாளர் அரி பரோசோ இன்னும் ஒரு படி மேலே போய், கோல் விழுந்தால் மவுத் ஆர்கன் வாசிப்பார். அவர் ஃபிளமெங்கோ அணியின் ரசிகர் என்பது அந்த வாசிப்பிலேயே தெரியும். இந்த வழக்கத்தை அமெரிக்காவின் ஸ்பானிஷ் டிவிக்குக் கொண்டுபோனவர் ஆந்த்ரேஸ் கந்தோர். 1994 உலகக் கோப்பையின்போது ஸ்பானிஷ் ஒரு வார்த்தை தெரியாத அமெரிக்கர்களுக்கும் அவர் பிரபலம்.

இங்கே உங்கள் கேள்விக்குக் கொஞ்சம் நியாயம் வருகிறது. டிவியில் கத்துகிறவர்களும் இருக்கிறார்கள். 2016 யூரோ கோப்பையில் ஆஸ்திரியாவுக்கு எதிராகக் கடைசி நொடிகளில் கோல் விழுந்தபோது ஐஸ்லாந்தின் குட்முண்டுர் பெனடிக்ட்சன் குரல் உடைந்து கீச்சிட்டது டிவியில்தான். அன்றைக்கு மூன்றரை லட்சம்கூட மக்கள்தொகை இல்லாத நாடு பெரிய போட்டி ஒன்றில் முதல்முறை ஜெயிக்கிறது. என் வானொலி வாதம் அவரிடம் செல்லாது, செல்லவும் வேண்டாம். மலையாளத்தில் நீங்கள் சொல்வது ஷைஜு தாமோதரனைத்தான் என்று நினைக்கிறேன். 2018-ல் ஸ்பெயினுக்கு எதிராக ரொனால்டோ மூன்று கோல் போட்ட ஆட்டத்தில் ஊரையே எழுப்பியவர். கேரளத்தில் உலகக் கோப்பையைச் சோபாவில் உட்கார்ந்து பார்ப்பவர்களைவிட, கிளப் வாசலில் பெரிய திரை கட்டிக் கூட்டத்தோடு பார்ப்பவர்கள்தான் அவர் மனதில் இருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. அந்தச் சத்தத்தில் பேரி டேவிஸ் பேசினால் யாருக்குக் கேட்கும்?

எனக்கு எரிச்சல் தருவது வேறு. 2018 ஏப்ரலில் ரோமா 3-0 என்று பார்சிலோனாவை வெளியேற்றியபோது ஆங்கில வர்ணனையாளர் பீட்டர் ட்ரூரி, ரோமா இடிபாடுகளிலிருந்து எழுந்துவிட்டது, மனோலாஸ் (மூன்றாவது கோலைப் போட்ட கிரேக்கர்), ரோமில் ஒரு கிரேக்கக் கடவுள் என்றார். அழகு, மறுக்கவில்லை. அதற்கப்புறம் ஆளாளுக்கு ஒரு கவிதையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எப்போது கோல் விழும் என்று காத்திருக்கிறார்கள். சாதாரண லீக் ஆட்டத்தின் இரண்டாவது கோலுக்குக் காவியம் பாடுகிறார்கள், பந்தைத் தட்டிக்கொடுத்தது யார் என்று மட்டும் சொல்வதில்லை. அவர்களைப் பற்றிப் புகார் எழுதுங்கள், முதல் பக்கத்திலேயே போடுகிறேன்.