ஊற வைக்காதீர்கள், முறுக்காதீர்கள்: மல்யுத்த பொம்மைகள் கேள்வி - பதில்

கேள்வி: ஹாஸ்ப்ரோ கம்பெனி செய்த பழைய டபிள்யூடபிள்யூஎஃப் (இன்றைய டபிள்யூடபிள்யூஇ) மல்யுத்த வீரர் பொம்மைகள் ஒரு பை நிறையக் கிடைத்தன. ஒரே அழுக்கு. சோப்புத் தண்ணீரில் ஊற வைக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. 1990 முதல் 1994 வரை வந்த இந்த நாலரை அங்குலப் பொம்மைகளில் பலவற்றின் உடலுக்குள் ஸ்பிரிங் உண்டு. கையை இழுத்துவிட்டால் குத்துவது அதனால்தான். மூட்டு இடுக்கு வழியே உள்ளே போன தண்ணீர் லேசில் காயாது; ஸ்பிரிங் துருப்பிடித்தால் குத்து தளர்ந்துவிடும். அப்புறம் சும்மா நிற்கிற பொம்மைதான்.

ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் போதும். மென்மையான டூத்பிரஷை நனைத்து, உதறி, பொம்மையைத் தலைகீழாகப் பிடித்துத் தேயுங்கள். புருவம், மீசை, டிரங்க்ஸின் (வீரரின் குட்டை ஆடையின்) எழுத்து ஆகிய இடங்களில் பிரஷ் வேண்டாம், காது குடையும் பஞ்சுக் குச்சி போதும். பேனாக் கிறுக்கலுக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு எடுக்கலாம், ஆனால் பெயின்ட் இல்லாத இடத்தில் மட்டும். நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீர்கள். அதிலுள்ள அசிட்டோன் பிளாஸ்டிக்கையே இளக்கிவிடும்.

கேள்வி: மேட்டல் கம்பெனியின் 'எலைட்' வரிசை மல்யுத்த பொம்மையின் முழங்கை மடங்கவே இல்லை. பலமாக அழுத்தலாமா?

பதில்: அழுத்தினால் மூட்டை இணைக்கும் உள்ளேயுள்ள மெல்லிய ஊசி முறுகி ஒடியும். மூட்டில் பெயின்ட் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் பெரும்பாலும் காரணம். கொதிக்காத சுடுநீரில் அந்தக் கையை மட்டும் ஒன்றிரண்டு நிமிடம் வைத்து எடுத்து, மூட்டுக்கு வெகு அருகில் இரு பக்கமும் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள். மணிக்கட்டைப் பிடித்து நெம்புவதுதான் வழக்கமான தப்பு.

கேள்வி: பொம்மையை அதன் கார்டோடு (பின்புற அட்டையோடு) 'சீல் பிரிக்காதது' என்று விற்கிறார்கள். எப்படி நம்புவது?

பதில்: பொம்மையை விடுங்கள், அதை மூடி அட்டையில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் குமிழின் விளிம்பைப் பாருங்கள். கம்பெனி ஒட்டியது சூட்டில் அழுத்தி ஒட்டியது, சுற்றிலும் ஒரே சீராக இருக்கும். திறந்து மறுபடி ஒட்டியதில் பசை பளபளக்கும். ஓரத்தில் அட்டையின் மேல்தாள் உரிந்து வெள்ளை தெரியும். சாய்ந்த வெளிச்சத்தில் கார்டைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். குமிழ் மட்டும் புத்தம்புதிதாகப் பளிச்சென்றும் அட்டை பழசாகவும் இருந்தால் எனக்குச் சந்தேகம்தான். நேரில் காட்டாமல் படம் மட்டும் அனுப்பி விற்பவர் என்றால், நான்கு ஓரங்களையும் நெருக்கத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினால் விட்டுவிடலாம்.

கேள்வி: வீரர் கையெழுத்திட்ட போட்டோவை லேமினேட் செய்யலாமா?

பதில்: வேண்டாம். சூடும் பசையும் மார்க்கர் மையைக் கெடுக்கும், பிறகு பிரிக்கவும் முடியாது. பாலிபுரோப்பிலீன் உறையில் போடுங்கள். மலிவான பிவிசி உறையில் மை ஒட்டிக்கொண்டு வந்துவிடும். சட்டம் போட்டால் கண்ணாடி மையைத் தொடாதபடி நடுவில் அட்டைச் சட்டம் வையுங்கள், வெயில் விழும் சுவரில் மாட்டாதீர்கள்.