இருட்டில் ஓட்டிப் பார்த்தாயா?

கேள்வி: ஈரோட்டில் எம்.எஸ்சி. கரிம வேதியியல் படிக்கிறேன். ஒளி வினையூக்கத்தில் பிஎச்.டி. செய்து பேராசிரியராக ஆசை. அந்த வாழ்க்கை எப்படி இருக்கும்?

நானும் உங்கள் பக்கம்தான், சென்னிமலை. அப்பா நூலுக்குச் சாயம் போடுகிறவர். தொட்டியில் ஹைட்ரோஸ் என்கிற ரசாயனத்தைப் போட்டால் இண்டிகோவின் நீலம் போய் மஞ்சளும் பச்சையுமாக நிற்கும். நூலை வெளியே எடுத்து உதறினால் காற்றுப் பட்டு மறுபடி நீலம் ஏறும். எலக்ட்ரானைக் கொடுப்பதும் பிடுங்குவதும்தான் இது என்று பி.எஸ்சி.யில் சொன்னபோது எனக்குப் பெயர் மட்டும்தான் புதிதாக இருந்தது.

நம் துறையும் அதேதான், எலக்ட்ரானை நகர்த்தும் வேலையை ஒளி செய்கிறது. 450 நானோமீட்டர் நீல ஒளியில் ஒரு மோலுக்கு ஏறக்குறைய 266 கிலோஜூல் ஆற்றல். சாதாரண கார்பன்-கார்பன் பிணைப்பை உடைக்க ஏறக்குறைய 350 கிலோஜூல் வேண்டும். அதோடு பெரும்பாலான கரிமச் சேர்மங்கள் நீல ஒளியை உறிஞ்சுவதே இல்லை. அதனால் ருத்தீனியம் பைபிரிடின் போன்ற ஒரு வினையூக்கியைத் துளி சேர்க்கிறோம். ஒளியை அது வாங்கிக்கொண்டு, பக்கத்தில் வரும் மூலக்கூறுக்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுக்கும், இல்லையென்றால் அதனிடமிருந்து பிடுங்கும். 1912லேயே சாமிச்சியன் என்ற இத்தாலிய வேதியியலாளர் நிலக்கரியை விட்டுவிட்டுச் சூரிய ஒளியில் தொழிற்சாலைகள் ஓடும் என்று எழுதிவிட்டார். ஆனால் கரிமச் சேர்மங்களை உருவாக்கும் வேதியியலாளர்கள் கூட்டமாக இந்தப் பக்கம் திரும்பியது 2008இல் அமெரிக்காவில் மாக்மில்லன், யூன் ஆகிய வேதியியலாளர்களின் குழுக்கள் கட்டுரை வெளியிட்ட பிறகுதான். மாக்மில்லன் குழு பயன்படுத்தியது வீட்டில் மாட்டும் 15 வாட் விளக்கு!

சரி, என் கதை. பிஎச்.டி. இரண்டாம் வருடம் ஒரு வினை 82 சதவீத ஈல்டு, அதாவது விளைபொருள், கொடுத்தது. காந்திபுரத்தில் வாங்கிய நீல எல்.இ.டி. பட்டையைப் பீக்கரின் உள்பக்கம் சுற்றி ஒட்டி, நடுவில் குடுவையை இறக்கி வைத்திருந்தேன். ஏழு மாதம் அதே வினையை இருபது சேர்மங்களுக்கு நீட்டினேன். கட்டுரையே எழுத ஆரம்பித்துவிட்டேன். அப்போது கைடு சாவகாசமாகக் கேட்டார், "இருட்டில் ஓட்டிப் பார்த்தாயா?"

பார்த்திருந்தேன், அறை வெப்பநிலையில். ஒன்றும் நடக்கவில்லை. "பீக்கருக்குள்ளே எவ்வளவு சூடு?" என்றார். வெப்பமானியை விட்டால் 60 டிகிரி. குடுவையை அலுமினியத் தாளில் சுற்றி, 60 டிகிரி எண்ணெய்க் குளியலில் வைத்தேன். மறுநாள் காலை 80 சதவீதம். ஒளி, ருத்தீனியம் எதுவும் வேண்டாம், வெறும் சூடு போதும். ஏழு மாதமும் அடுப்பில் போட்ட மாதிரிதான்.

அன்று ஹாஸ்டலில் யாரிடமும் பேசவில்லை. ஊருக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் வேறெதையோ பிடித்துக்கொண்டார். "வெயில்ல சாயம் வெளுத்துப் போகும்னுதான் நிழல்ல காயப் போடறோம். நீ அந்த வெளுக்கறதையே வேலை செய்ய வெக்கப் பாக்கறயா, அம்மிணி?" ஏறக்குறைய சரி. இன்றைக்கு என் லேபில் ருத்தீனியத்துக்குப் பதில் இயோசின் சாயம்தான். விலை மலிவு, பச்சை ஒளி போதும். ஆனால் பாதி வினையில் வெளுத்துவிடும். அதை வெளுக்காமல் வைப்பதுதான் என் மாணவர்களின் பாதி வேலை.

மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்குங்கள். 2023இலிருந்து மாதத்துக்கு 37,000 ரூபாய், கூட வீட்டு வாடகைப் படி. பிஎச்.டி. ஐந்து வருடம், அப்புறம் வெளிநாட்டில் போஸ்ட்டாக் என்ற அடுத்தகட்ட ஆராய்ச்சி இரண்டு மூன்று வருடம். அதற்குள் கல்யாண வீட்டுக்குப் போனால் "இன்னுமா படிக்கறே?" என்று பெரியம்மாக்கள் பிடித்துக்கொள்வார்கள். இந்தியாவில் வேலை கிடைக்க எனக்கு நான்கு நேர்காணல்கள். அதில் ஒன்றில் ஆராய்ச்சி பற்றி ஒரு கேள்விகூட இல்லை.

வேலை கிடைத்தபின் நேரம் எங்கே போகும் என்றால், வகுப்பு, நிதிக்கு விண்ணப்பம், திரவ நைட்ரஜன் வண்டி வரவில்லை என்று போன். ஒளி வாங்கிக் கிளர்ந்த ருத்தீனியத்தை ஆக்சிஜன் அணைத்துவிடும், அதனால் பல வினைகளில் குடுவையைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து வாயுவை இழுத்தாக வேண்டும். நைட்ரஜன் இல்லாத நாள் லேபில் டீ நாள். நான் இதை அலுப்பாகச் சொல்லவில்லை, அந்த நாட்களில்தான் மாணவர்கள் நல்ல கேள்விகள் கேட்கிறார்கள்.

கைடு தேடிப் போகும்போது கட்டுரை எண்ணிக்கையைப் பிறகு பாருங்கள். முதலில் லேபுக்குள் போய், எரியும் விளக்குப் பக்கத்தில் ஒரு மின்விசிறி ஓடுகிறதா, குடுவைக்குள் வெப்பமானி இருக்கிறதா, பக்கத்திலேயே தாள் சுற்றிய இன்னொரு குடுவை நிற்கிறதா என்று பாருங்கள். மூன்றும் இல்லை என்றால் டீ மட்டும் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.