வேலிக்குள் ஓடும் ஆற்றில் தூண்டில் போடலாமா? – கேள்வி பதில்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் தூண்டிலும் கையுமாக அலையும் நம்மவர்கள் கேட்ட கேள்விகள் இவை. நான் வக்கீல் இல்லை. இந்த வழக்குகளை விடாமல் படித்து வருபவன், அவ்வளவுதான். கையில் அபராதச் சீட்டு வந்துவிட்டால் வக்கீலைப் பாருங்கள்.

செந்தில், போஸ்மன்: அண்ணா, மொன்டானாவில் ஒரு பண்ணைக்கு நடுவே ஓடும் ஆற்றில் நின்று மீன் பிடித்துக்கொண்டிருந்தேன். உரிமையாளர் வந்து "இது என் இடம், வெளியே போ" என்றார். நான் தண்ணீரில்தானே நின்றேன்?

தம்பி, ஆற்றுக்குள் எந்த வழியாக இறங்கினீர்கள் என்று சொல்லவில்லையே. எல்லாம் அதில்தான் இருக்கிறது. பொதுச்சாலைப் பாலத்தின் ஓரமாக இறங்கி ஆற்றோடு நடந்து வந்திருந்தால் நீங்கள் சொல்வது சரி. அவருடைய மேய்ச்சல் நிலத்தைக் குறுக்கே கடந்து வந்திருந்தால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

மொன்டானாவின் 1972 அரசியல் சாசனம், மாநிலத்துத் தண்ணீர் எல்லாம் மக்களின் பயன்பாட்டுக்காக மாநிலத்துக்குச் சொந்தம் என்கிறது. 1984இல் டியர்பார்ன் ஆறு, பீவர்ஹெட் ஆறு தொடர்பான இரண்டு வழக்குகளில் மாநில உச்ச நீதிமன்றம் அதை அடிப்படையாக வைத்துத் தீர்ப்புச் சொன்னது. ஆற்றுப்படுகை யாருடைய பெயரில் இருந்தாலும் சரி, படகு விடவோ மீன் பிடிக்கவோ தோதான ஆறு என்றால் மக்கள் பயன்படுத்தலாம். மறு ஆண்டே, 1985இல், அது சட்டமானது. ஆனால் ஆற்றை அடைவதற்காகத் தனியார் நிலத்தைக் கடக்கும் உரிமையை அந்தச் சட்டம் தரவில்லை. ஆற்றுக்குக் குறுக்கே வேலியோ தடுப்போ இருந்தால் கரையேறிச் சுற்றிப் போகலாம், அதையும் நிலத்துக்கு ஆகக் குறைந்த தொந்தரவோடு செய்ய வேண்டும்.

அவரே: சரி, கரையில் எதுவரை நிற்கலாம்?

சாதாரண உயர்நீர்க் கோடு வரை. ஆண்டில் போதுமான காலம் தண்ணீர் மூடிக் கிடப்பதால் மண்ணும் செடிகொடியும் மாறிப்போயிருக்கும் இடம் அது. கோட்டுக்குக் கீழே கூழாங்கல்லும் வெறும் மணலும் இருக்கும், மேலே புல்லும் புதரும் தொடங்கும். பெருவெள்ளம் வந்த ஆண்டில் தண்ணீர் எட்டிய இடத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் காலை நனைத்துக்கொண்டே நில்லுங்கள். வேலிக்கம்பத்தில் பளிச்சென்ற ஆரஞ்சு வண்ணம் பூசியிருந்தால் "உள்ளே வராதே" என்று பொருள். அந்தத் தடை நிலத்துக்கு; கோட்டுக்குக் கீழே செல்லாது.

மீனா, மிசூலா: பாலத்தின் ஓரத்திலேயே வேலி போட்டு அடைத்துவிட்டால்?

ரூபி ஆற்றில் நடந்தது அதுதான். ஒரு பெரும் பணக்காரர் தன் நிலத்தை ஒட்டிய பாலங்களில் ஆள் நுழைய முடியாதபடி வேலி போட, பல ஆண்டு இழுபறி. மாடு வெளியேறாமல் இருக்கப் பாலத்தோடு சேர்த்து வேலி போட்டுக்கொள்ளலாம், ஆனால் மனிதர் போக வழி விட வேண்டும் என்று 2009இல் ஒரு சட்டம் வந்தது. 2014இல் மாநில உச்ச நீதிமன்றமும் மக்கள் பக்கமே நின்றது. நெடுங்காலப் பழக்கத்தால் பொதுவழியான சாலையாக இருந்தாலும், அதன் பாலத்திலிருந்து ஆற்றில் இறங்கலாம் என்றது. மொன்டானாவில் இன்று சண்டை தண்ணீருக்காக நடப்பதைவிட, தண்ணீருக்குப் போகும் அந்த நாலடி வழிக்காகத்தான் நடக்கிறது என்பது என் எண்ணம். அதனால் சொல்கிறேன்: மாநிலமே பராமரிக்கும் மீன்பிடி நுழைவிடங்கள் 300க்கும் மேல் இருக்கின்றன, முதலில் அவற்றைத் தேடுங்கள்.

கார்த்திக், டென்வர்: கொலராடோவிலும் இதே கதைதானே சார்?

இல்லவே இல்லை. மாநிலம் மாறியதும் கதை தலைகீழ். 1979இல், தனியார் நிலத்தின் ஊடே கொலராடோ ஆற்றில் மிதவையில் போனவர்களுக்குக் கிடைத்த அத்துமீறல் தண்டனையை மாநில உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அங்கே படுகையின் சொந்தக்காரர் அதற்கு மேலுள்ளதையும் கட்டுப்படுத்தலாம். பிற்பாடு 1983இல் மாநில அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமை வழக்கறிஞர்), அடியைத் தொடாமல் மிதந்து போனால் குற்றமில்லை என்று கருத்துச் சொன்னார். கருத்துதான், தீர்ப்பு இல்லை. ஆகவே மிதக்கலாம், காலை ஊன்றினாலோ நங்கூரம் போட்டாலோ வம்பு.

ஆர்கன்சா ஆற்றில் முதியவர் ஒருவர் மீன் பிடிக்கப் போக, நிலத்துக்காரர் தரப்பு கல்லெறிந்ததாகச் சொல்லி வழக்கு போட்டார். 1876இல் கொலராடோ மாநிலமானபோது அந்த ஆறு போக்குவரத்துக்கு உகந்ததாக இருந்தது, ஆகவே படுகை மாநிலத்துக்கே சொந்தம் என்பது அவர் வாதம். 2023இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்த வாதத்துக்குள்ளேயே போகவில்லை. அந்த உரிமையைக் கோர வேண்டியது மாநிலம்தான், தனிநபருக்கு வழக்காடும் தகுதி இல்லை என்று முடித்துவிட்டது. மாநிலமோ வழக்குப் போட முன்வரவில்லை. யார்தான் கேட்பது?

ராஜேஷ், சால்ட் லேக் சிட்டி: யூட்டாவில் நிலைமை அடிக்கடி மாறுகிறதே?

2008இல் படுகையைத் தொடலாம் என்றது நீதிமன்றம். 2010இல் சட்டமன்றம் அதைச் சுருக்கியது. 2017இல் வீபர் ஆற்றின் ஒரு பகுதி மட்டும் மக்களுக்குத் திறந்தது. காரணம், அந்தக் காலத்தில் ரயில் பாதைக்கான கட்டைகளை அந்த ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுபோயிருக்கிறார்கள், அதற்குப் பதிவுகளும் கிடைத்தன; ஆகவே அது போக்குவரத்துக்கு உகந்த ஆறு என்று ஆனது. 2023இல் மற்ற ஆறுகளுக்கான வழக்கு தோற்றது. பக்கத்து நியூ மெக்சிகோவில் 2022இல் இதே பிரச்சினையில் மக்கள் வென்றார்கள்.

முருகேசன், டல்லஸ்: நிலத்துக்கு வரி கட்டுவது உரிமையாளர். கண்டவன் வந்து பாட்டில் போட்டுவிட்டுப் போனால் அவர் பொறுக்க வேண்டுமா? நீங்கள் ஒருதலையாகப் பேசுகிறீர்கள்.

ஆமாம், ஒருதலைதான். ஆனாலும் உங்கள் கோபம் நியாயம். வேலியை வெட்டுவது, வாயிலைத் திறந்து போட்டு மாட்டை வெளியே விடுவது, குப்பை போடுவது எல்லாம் நடக்கின்றன. அதற்குத் தண்டனை தனியே இருக்கிறது, கடுமையாகவே கொடுக்கட்டும். சிலர் குப்பை போடுகிறார்கள் என்பதற்காக மாநிலத்தின் தண்ணீரை ஒருவர் வீட்டு நீச்சல்குளமாக்க முடியாது. கோடிக்கணக்கில் கொடுத்து வாங்கினேன் என்பவர், வாங்கும்போதே ஆறும் அதன் சட்டமும் அங்கே இருந்தன என்பதை வசதியாக மறந்துவிடுகிறார்.

பாண்டி, சிவகங்கை: நம்ம ஊரில் எப்படி அண்ணே?

கண்மாயில் உங்களுக்குச் சிக்கல் பட்டா நிலத்துக்காரரோடு இருக்காது, மீன்பாசிக் குத்தகை எடுத்தவரோடு இருக்கும். ஏலம் எடுத்தவருக்குத்தான் மீன். கோடையில் நீர் வற்றும்போது ஊர் கூடி நடத்தும் மீன்பிடித் திருவிழா வேறு கணக்கு, அன்று கச்சா வலையோடு யாரும் இறங்கலாம். ஆறு, ஏரி போன்றவற்றை அரசு மக்களுக்காகப் பொறுப்பில் வைத்திருக்கிறது என்பதை நம் உச்ச நீதிமன்றமும் பியாஸ் ஆற்று வழக்கில், 1996 டிசம்பரில், ஏற்றுக்கொண்டிருக்கிறது.

நிர்மலா, லண்டன்: இங்கே தூண்டில் உரிமம் வாங்கிவிட்டேன். போதும்தானே?

போதாது அக்கா. உரிமம் வேறு, அனுமதி வேறு. இங்கிலாந்தில் கடல் ஓதம் ஏறாத ஆறுகளில் மீன்பிடி உரிமை பொதுவாகக் கரை நிலத்துக்காரருடையது, ஆற்றின் நடுக்கோடு வரை. அவரிடமோ அவரிடம் குத்தகை எடுத்த மீன்பிடிச் சங்கத்திடமோ நாள் சீட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.