முப்பதாயிரம் டாலரும் ஒரு எச்-4 விசாவும்

கேள்வி: நாங்கள் டெக்சாஸில், டாலஸ் பக்கம் இருக்கிறோம். சொந்த ஊர் ஈரோடு. பதினோராம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு ஆறு வயதிலிருந்து டென்னிஸ்தான் எல்லாம். இப்போது இரண்டு கல்லூரிகள் அவளைக் கேட்கின்றன. ஒன்று படிப்புக்குப் பெயர்போன நடுத்தரக் கல்லூரி. பாதி ஸ்காலர்ஷிப் தருகிறார்கள். இன்னொன்று பெரிய பல்கலைக்கழகம். அங்கிருந்து உதவி கோச் போன் செய்து, “ஸ்காலர்ஷிப்பை அப்புறம் பார்க்கலாம், என்.ஐ.எல். என்ற விளம்பரப் பணம் வழியாக வருஷத்துக்கு 30,000 டாலர் வரை வர வாய்ப்பிருக்கிறது” என்றார். இதற்கிடையில் ஆலோசகர் என்று ஒருவர் வந்திருக்கிறார். நான்கு வருடத்துக்கு ஒப்பந்தம் போட்டால் எல்லாவற்றையும் தானே பேசி முடிப்பாராம். எந்த வழியில் பணம் வந்தாலும் அவருக்கு 20 சதவீதமாம். பெரிய இடத்துக்கே போகட்டும் என்கிறார் என் கணவர். மகள் வாயே திறப்பதில்லை. கணவருக்கு எச்-1பி வேலை விசா, எனக்கும் மகளுக்கும் அவரைச் சார்ந்த எச்-4 விசா. கிரீன் கார்டு வரிசையில் பல வருடமாக நிற்கிறோம். என்ன செய்வது?
- ஒரு தாய், டெக்சாஸ்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விசாவைப் பற்றிக் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அந்த உதவி கோச்சோ ஆலோசகரோ உங்களிடம் அதைப் பற்றிக் கேட்டதாகவே கடிதத்தில் இல்லை. எனக்கு முதல் கவலை அதுதான்.

எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளை அமெரிக்காவில் சம்பாதிக்கக் கூடாது. கிரீன் கார்டு வருவதற்குள் 21 வயது ஆகிவிட்டால் எச்-4 விசாவும் கைவிட்டுப் போகும். அனேகமாக எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். அதிலும் பாடம் நடக்கும் நாட்களில் கல்லூரி வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேர வேலை, படிப்போடு சேர்ந்த பயிற்சி என்று அளவுகள் உண்டு. ஒரு டென்னிஸ் மட்டை கம்பெனிக்காக வீடியோ எடுத்துப் போடுவதும், கடைத் திறப்பு விழாவில் நின்று கையெழுத்துப் போடுவதும் வேலைதான் என்று குடியேற்றத் துறை சொன்னால், மகளின் விசாவுக்கே ஆபத்து. நீங்கள் இத்தனை வருடம் காத்திருக்கும் வரிசையில் அவளுடைய இடமும் சிக்கலாகிவிடும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. கனடாவிலிருந்து வந்த ஸாக் ஈடி, பர்டியூ பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2023, 2024 இரண்டு ஆண்டுகளும் கல்லூரிக் கூடைப்பந்தின் சிறந்த வீரராகத் தேர்வானவர். மாணவர் விசாவில் இருந்ததால், கூட ஆடிய அமெரிக்கப் பையன்கள் வாங்கியது போல அவரால் விளம்பரப் பணம் வாங்க முடியவில்லை. காங்கோவிலிருந்து கென்டக்கிக்கு வந்த ஆஸ்கர் ஷீப்வே, 2022 ஆகஸ்டில் அணி பஹாமாஸுக்கு ஆடப் போனபோது விளம்பர வேலைகளை அங்கே வைத்து முடித்துக்கொண்டார். அமெரிக்க மண்ணில் செய்தால் சிக்கல் என்பதால்தான் அப்படி. அவ்வளவு பெரிய ஆட்டக்காரர்களே சுற்றிப் போக வேண்டியிருந்த இடத்தில், உங்கள் மகளுக்கு 30,000 டாலர் எந்த வழியாக வரும்? குடியேற்ற வக்கீல் ஒருவரைப் பார்த்து எழுத்தில் கருத்து வாங்குங்கள். அதுவரை அந்தத் தொகை உங்கள் கணக்கில் பூஜ்யம்தான்.

சரி, இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவரோடு உட்கார்ந்து பேசும்போது உதவும்.

என்.ஐ.எல். என்றால் ஆட்டக்காரரின் பெயர், படம், சாயல். அவற்றை வைத்து யார் சம்பாதித்தாலும் அவருக்குப் பங்கு உண்டு என்பதுதான் விஷயம். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. பல பத்தாண்டுகளாக இதை அனுமதிக்கவில்லை. டிவி உரிமையில் கோடி கோடியாகப் புரண்டது. கோச்சுகள் லட்சக்கணக்கில் சம்பளம் வாங்கினார்கள். ஆடிய பிள்ளைகளுக்கு ஸ்காலர்ஷிப்போடு சரி. 1995-ல் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியில் சாம்பியனான எட் ஓ'பேனன், பிற்பாடு ஒரு வீடியோ கேமில் தன்னைப் போலவே ஒருவன் ஆடுவதைப் பார்த்துவிட்டு 2009-ல் வழக்குப் போட்டார். 2019-ல் கலிபோர்னியா, ஆட்டக்காரர்கள் இந்தப் பணத்தை வாங்கலாம் என்று சட்டம் கொண்டு வந்தது. 2021 ஜூனில், ஆட்டக்காரர்கள் போட்ட ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். அடுத்த பத்தே நாளில், ஜூலை 1-ம் தேதி, விளம்பரப் பணத்துக்குக் கதவு திறந்தது. உழைத்தவருக்குக் கூலி போய்ச் சேர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு அது முன்பே கிடைத்திருக்க வேண்டும்.

ஆனால் விளம்பரக் கூலியாக வந்த பணம் சீக்கிரமே ஆள் பிடிக்கும் பணமாக மாறியது. பல்கலைக்கழகத்தின் பணக்கார ரசிகர்கள் ஒன்றுசேர்ந்து ‘கலெக்டிவ்’ என்ற பெயரில் நிதி திரட்டி, எங்கள் ஊருக்கு வந்தால் இவ்வளவு என்று பள்ளி மாணவர்களிடம் பேச ஆரம்பித்தார்கள். அதைத் தடுக்கும் விதியை அமல்படுத்தக் கூடாது என்று 2024 பிப்ரவரியில் டென்னசியில் ஒரு கூட்டாட்சி நீதிபதி உத்தரவிட்டார். கல்லூரி மாறுவதும் சுலபமாகிவிட்டது. கல்லூரி மாற நினைப்பவர்கள் பதிவு செய்யும், 2018-ல் வந்த டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்ற இணையப் பட்டியலில் பெயரைப் போட்டால் போதும், எந்தக் கோச்சும் கூப்பிடலாம். முன்பு பல விளையாட்டுகளில் மாறினால் ஒரு வருடம் வெளியே உட்கார வேண்டும். இப்போது படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறி உடனே ஆடலாம்.

இதில் ஏமாந்தவர்கள் உண்டு. ஜேடன் ரஷாடா என்ற கால்பந்து வீரருக்கு (அமெரிக்கக் கால்பந்தைச் சொல்கிறேன்) புளோரிடா பல்கலைக்கழகத்துக்கு வந்தால் 1 கோடியே 38 லட்சத்து 50 ஆயிரம் டாலர் என்று ஒப்பந்தம் பேசினார்கள். பணம் வரவில்லை. அவர் வேறு கல்லூரிக்குப் போனார், 2024-ல் வழக்கும் போட்டார். அதே 2024 செப்டம்பரில் மேத்யூ ஸ்லூகா மூன்று ஆட்டம் ஆடி மூன்றிலும் ஜெயித்துக் கொடுத்துவிட்டு, லாஸ் வேகாஸில் இருக்கும் நெவாடா பல்கலைக்கழக அணியிலிருந்து விலகினார். ஒரு உதவி கோச் வாய்வார்த்தையாக 1,00,000 டாலர் சொல்லியிருந்தார், அது வரவில்லை என்பது அவர் தரப்பு. முறையான ஒப்பந்தம் எதுவும் இல்லை என்பது பல்கலைக்கழகத்தின் பதில். யார் சொல்வது சரி என்று தீர்ப்பு சொல்ல நான் வரவில்லை. உங்கள் வீட்டுக்கு வந்ததும் உதவி கோச்சின் போன்தான் என்பதை மட்டும் கவனியுங்கள். “வர வாய்ப்பிருக்கிறது” என்ற சொல்லை வைத்து எந்தக் கோர்ட்டிலும் நிற்க முடியாது.

2025 ஜூன் 6-ம் தேதி, ஆட்டக்காரர்கள் என்.சி.ஏ.ஏ. மேல் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்த பிறகு, பல்கலைக்கழகமே தன் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டுக்கு ஒரு பல்கலைக்கழகத்துக்கு உச்சவரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். கேட்கப் பெரிதாக இருக்கிறது. பெரிய இடங்களில் அதில் முக்கால் பங்கு கால்பந்துக்கு, மீதியில் பெரும்பகுதி ஆண்கள் கூடைப்பந்துக்கு என்றுதான் பிரிக்கிறார்கள். டென்னிஸ் வரை வரும்போது குடத்தில் ஒட்டியிருக்கும் தண்ணீர்தான் மிச்சம். வெளியிலிருந்து வரும் விளம்பர ஒப்பந்தத்துக்கும் கட்டுப்பாடு வந்துவிட்டது. 600 டாலரும் அதற்கு மேலும் இருந்தால் பதிவு செய்ய வேண்டும். காலேஜ் ஸ்போர்ட்ஸ் கமிஷன் என்ற புதிய அமைப்பு, அது உண்மையான வியாபார நோக்கம் உள்ளதா என்று பார்க்கும். எனவே அந்த உதவி கோச்சிடம் நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: அந்த 30,000 டாலரைத் தரப்போவது யார், எந்த வேலைக்கு? பதில் மின்னஞ்சலில் வரட்டும்.

இனி நான் முக்கியமாக நினைப்பதைச் சொல்கிறேன். இந்தப் பணம் உங்கள் மகளின் கைக்கு வராமலே அவளுடைய வாழ்க்கையை மாற்றியிருக்கிறது, இடங்களின் வழியாக.

முன்பு என்.சி.ஏ.ஏ.வின் உயர்மட்டமான முதல் பிரிவில் ஒரு பெண்கள் டென்னிஸ் அணிக்கு எட்டு ஸ்காலர்ஷிப் வரை தரலாம். எட்டும் முழு ஸ்காலர்ஷிப், பிரிக்க முடியாது. சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளில் இப்போது அந்த எண்ணிக்கை வரம்பு இல்லை. அதற்குப் பதிலாக அணியில் பத்துப் பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு வந்திருக்கிறது. பத்துப் பேருக்கும் முழுதாகத் தரலாம், ஒருவருக்குக் கால் பங்கு தரலாம், தராமலும் விடலாம். கால்பந்துக்குக் கொடுக்கப் பணம் தேடும் பல்கலைக்கழகம் எதைச் செய்யும் என்று யோசியுங்கள். “ஸ்காலர்ஷிப்பை அப்புறம் பார்க்கலாம்” என்ற பேச்சு இங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். முன்பு ஒரு பெண்ணை அணியில் சேர்த்துக்கொண்டு, வளரட்டும் என்று இரண்டு வருடம் பொறுமையாக வைத்திருப்பார்கள். பத்தே இடம் என்றால் கோச்சுக்கு அந்தப் பொறுமை இருக்காது. போர்ட்டலில் இருபத்தொரு வயதில், மூன்று வருட அனுபவத்தோடு ஒருத்தி கிடைக்கும்போது பதினேழு வயதுப் பெண்ணுக்காக ஏன் காத்திருக்க வேண்டும்? டென்னிஸில் வெளிநாட்டிலிருந்து வரும் போட்டியும் அதிகம்.

அணியே இல்லாமல் போவதும் நடக்கிறது. கலிபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போவில் இருக்கும் கால் பாலி பல்கலைக்கழகம் 2025 மார்ச்சில் தன் நீச்சல் அணியைக் கலைத்தது. அந்தப் பிள்ளைகள் தண்ணீரில் இறங்கி வளர்ந்தவர்கள். ஒரு கூட்டத்தில் முடிந்துபோனது. இதை எழுதும்போது எனக்கு மனசு கனக்கிறது.

அதனால் இரண்டு கோச்சுகளிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். இப்போது அணியில் இருப்பவர்களில் எத்தனை பேர் பள்ளியிலிருந்து நேராக வந்தவர்கள்? என் மகளுக்குப் பத்துக்குள் இடம் உறுதியா, எத்தனை வருடத்துக்கு? ஸ்காலர்ஷிப் எத்தனை சதவீதம், காயம் பட்டாலும் தொடருமா? கோச் வேறு இடத்துக்குப் போய்விட்டால் என்ன ஆகும்? இந்தக் கல்லூரியில்தான் சேர்வேன் என்று முன்பு பிள்ளைகள் கையெழுத்துப் போட்ட ‘லெட்டர் ஆஃப் இன்டென்ட்’ என்ற தாள் 2024-லேயே ஒழிந்துவிட்டது; இப்போது கல்லூரி தரும் நிதியுதவி ஒப்பந்தம்தான் ஒரே பிடி. அதில் எழுதியிருப்பது மட்டுமே உங்களுடையது.

கையில் இருக்கும் பாதி ஸ்காலர்ஷிப்பை லேசாக நினைக்காதீர்கள். அதற்கு விசா தடையில்லை, அதற்காக எந்த நிறுவனத்துக்கும் வீடியோ போட வேண்டாம், கல்விக் கட்டணத்துக்குப் போகும் பகுதிக்கு அனேகமாக வரியும் இல்லை. விளம்பரப் பணத்துக்கோ முழு வரி உண்டு.

ஆலோசகர் விஷயம். கையெழுத்துப் போடாதீர்கள். தொழில்முறை கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.லில் வீரரின் சம்பள ஒப்பந்தத்தைப் பேசி முடிக்கும் ஏஜென்ட் 3 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது, கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் 4. விளம்பரங்களைப் பிடித்துத் தருபவர்கள் அதைவிட அதிகம் கேட்பது வழக்கம்தான். ஆனால் “எந்த வழியில் பணம் வந்தாலும்” என்ற அந்த ஒரு வரி என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அவர் கொண்டு வராத பணத்திலும், பல்கலைக்கழகம் நேரடியாகத் தருவதிலும், நாளை அவள் புரொஃபஷனலாக ஆடி வாங்கும் பரிசிலும் பங்கு என்று அர்த்தமாகிவிடும். புளோரிடாவில் ஆடிய ஜெர்வான் டெக்ஸ்டர் 2022-ல் ஒரு நிறுவனத்திடம் 4,36,485 டாலர் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பதிலுக்கு அவர் என்.எஃப்.எல்.லில் வாங்கும் சம்பளத்தில் 15 சதவீதம், 25 வருடத்துக்கு! மறுவருடமே ஒப்பந்தத்தை ரத்து செய்யச் சொல்லி நீதிமன்றம் போனார். இன்னொன்று: பள்ளியில் படிக்கும்போதே பணம் வாங்கினால் பள்ளி அணியில் ஆடும் தகுதி போகலாம், மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. வக்கீல் பார்த்த பிறகுதான் பேச்சு என்று அவரிடம் சொல்லுங்கள். அவசரப்படுத்தினால் போனை வைத்துவிடுங்கள்.

உங்கள் கணவர் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அதிகாலையில் கார் ஓட்டி டோர்னமெண்டுக்குக் கூட்டிப் போன அப்பா, மகள் பெரிய மைதானத்தில் நிற்க வேண்டும் என்று ஆசைப்படத்தான் செய்வார். அந்த ஆசை நடக்காதது இல்லை. மதுரைப் பையன் தக்ஷிணேஸ்வர் சுரேஷ் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர். 2025 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தில் டேவிஸ் கோப்பை ஆட்டத்தில் இந்தியாவுக்காக ஜெயித்தார். அதற்கும் முன்னால் சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக 2007, 2008 இரண்டு ஆண்டும் கல்லூரி ஒற்றையர் பட்டம் வென்றார். அப்போது விளம்பரப் பணம் என்ற பேச்சே கிடையாது. கல்லூரி டென்னிஸ் தருவது ஆட்டம், கோச், தினமும் எதிரே நிற்க நல்ல ஆட்டக்காரர்கள். உங்கள் மகளுக்கு அது எங்கே கிடைக்கும் என்று கணவர் தேடினால் போதும். பெரிய பல்கலைக்கழகம் முழு ஸ்காலர்ஷிப்பும் ஆடும் இடமும் எழுத்தில் தந்தால், தாராளமாக அங்கேயே போகட்டும். பெஞ்சில் உட்கார வைப்பார்கள் என்று தெரிந்தால், நடுத்தரக் கல்லூரியில் முதல் வருடத்திலிருந்தே ஆடுவது மேல் என்பது என் கருத்து.

அப்புறம் மகள். பதினாறு வயதில், தன் தலைக்கு மேல் மூன்று பெரியவர்கள் டாலர் பேசினால் எந்தப் பெண்ணுக்குப் பேச வரும்? தான் எதைச் சொன்னாலும் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ வலிக்கும் என்று பயப்படுகிறாளோ என்னவோ. பணத்தைப் பற்றிய பேச்சை ஒரு மாதம் வீட்டில் நிறுத்திவையுங்கள். இரண்டு இடத்துக்கும் அவளைக் கூட்டிப் போங்கள். அதிகாரபூர்வ விசிட் என்று கல்லூரியே அழைத்தால் அவளுடைய செலவை அவர்களே ஏற்பார்கள். ஒரு ஆட்டத்தையாவது முழுக்கப் பார்க்கட்டும். ஆடாமல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்களின் முகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டம் முடிந்ததும் அணிப் பெண்களோடு அவளைத் தனியே விட்டுவிட்டு, நீங்களும் கணவரும் எங்கேயாவது காபி குடிக்கப் போய்விடுங்கள். திரும்பி வரும் வழியில் காரில் அவள் என்ன சொன்னாள் என்று எனக்கும் எழுதுங்கள்.