பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொள்ளலாமா?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகளுக்குத் திருமணமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. மருமகன் இரண்டு முறை அறைந்ததைத் தவிரப் பெரிதாக அடித்ததில்லை. ஆனால் சம்பளம் வந்த அன்றே அவளுடைய ஏ.டி.எம். கார்டை வாங்கி வைத்துக்கொள்கிறார். எங்களிடம் பேசினால் செல்போனைப் பறித்துப் பார்க்கிறார். உப்பு கூடிவிட்டால் சாப்பாட்டுத் தட்டு பறக்கிறது. ஏழு வயதுப் பேரன் மறுபடியும் படுக்கையை நனைக்கத் தொடங்கிவிட்டான். "பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொள்கிறேன்" என்கிறாள் மகள். வீடு சம்பந்தியம்மாள் பெயரில் இருப்பதால், பிரச்சினை செய்தால் தெருவில் நிற்க வேண்டுமே என்றும் பயப்படுகிறாள். நாங்கள் என்ன செய்வது?
– வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: "அறைந்ததைத் தவிர" என்று எழுதியிருக்கிறீர்கள், அம்மா. நம் குடும்பங்களில் அடியை எண்ணித்தான் கொடுமையை அளக்கிறார்கள்; சட்டம் அப்படி அளப்பதில்லை. 2005-இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கும் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், உடலையும் பாலியல்ரீதியாகவும் துன்புறுத்துவதோடு, சொல்லால் வதைப்பதையும், மனைவிக்கு உரிமையான பணத்தை அவள் கைக்கு எட்டாமல் செய்வதையும் குடும்ப வன்முறை என்றே வரையறுக்கிறது. ஆகவே கார்டைப் பிடுங்கி வைத்துக்கொள்வதும் வன்முறைதான்.

இனி பேரனைப் பற்றி. படுக்கையை நனைப்பதை விட்டிருந்த பிள்ளை ஏழு வயதில் மீண்டும் நனைத்தால், முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். உடலில் கோளாறு இல்லையென்றால், அச்சம் ஒரு வலுவான காரணமாக இருக்கக்கூடும். தூங்குவதாகப் பெரியவர்கள் நினைக்கும் நேரத்தில் இத்தகைய வீட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் விழித்திருக்கிறார்கள். வாசலில் அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டதும் டி.வி.யை அணைத்துவிட்டு, அவர் செருப்பைக் கழற்றும் விதத்திலேயே அன்றைய இரவு எப்படிப் போகும் என்று கணக்குப் போடுகிறார்கள். பள்ளிக்குக் கிளம்பும்போது வரும் வயிற்றுவலி, பாடத்தில் கவனம் சிதறுவது, தங்கையைக் காரணமில்லாமல் அடிப்பது, தான் செய்த தவறால்தான் அம்மா அடி வாங்குகிறாள் என்று தனக்குள்ளேயே முடிவு கட்டிக்கொள்வது என இந்தப் பயம் பல வழிகளில் வெளிப்படும். உங்கள் மகள் பிள்ளைகளுக்காகவே பொறுத்துக்கொள்கிறாள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பொறுமைக்கான விலையைப் பிள்ளைகளும் சேர்ந்துதான் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வீடு யார் பெயரில் இருந்தாலும், கணவரோடு குடும்பம் நடத்திய வீட்டில் தொடர்ந்து வசிக்கும் உரிமையைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தருகிறது. மாமனார், மாமியாருக்குச் சொந்தமான வீடும் இதில் அடங்கக்கூடும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அங்கிருந்து உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாலும், தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்திலேயே அவள் மனு கொடுக்கலாம். மேற்கொண்டு துன்புறுத்தக் கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவு, வசிப்பிட உத்தரவு, பணம், பிள்ளைகளின் தற்காலிகப் பொறுப்பு ஆகிய அனைத்தையும் ஒரே மனுவில் கேட்க முடியும். அவசரமென்றால் எதிர்த்தரப்பை விசாரிப்பதற்கு முன்பே நடுவர் இடைக்கால உத்தரவு பிறப்பிக்கலாம்.

"புருஷனை ஜெயிலுக்கு அனுப்பிவிட்டாள்" என்ற பேச்சுக்குப் பயந்தே பலர் தயங்குகிறார்கள். இந்த மனுவைக் கொடுப்பதாலேயே யாரும் கைதாவதில்லை. பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படும். மனைவியைக் கொடுமைப்படுத்தியதற்கான குற்ற வழக்கு வேறு. அது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆவது பிரிவின்கீழ் வரும். அதைத் தொடுப்பதா வேண்டாமா என்பதை உங்கள் மகள் நிதானமாக முடிவு செய்யட்டும்.

மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பார்த்தால், நடந்தவற்றை அறிக்கையாகப் பதிவு செய்து நீதிமன்றத்துக்கு அனுப்புவார். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு என்பதால், வக்கீல் கட்டணத்துக்காக நகையை அடகு வைக்க வேண்டியதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது, அவளை அவசரப்படுத்தாமல் இருப்பதும், "அனுசரித்துப் போ" என்று சொல்லாமல் இருப்பதும். மனைவி பிரிந்துபோகப் போகிறாள் என்று தெரியவரும் நேரத்தில்தான் பல கணவர்களின் மூர்க்கம் கூடுகிறது. எனவே மருமகனைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து பேச வேண்டாம். ஆதார் நகல், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கொஞ்சம் ரொக்கம் ஆகியவற்றை உங்கள் வீட்டில் பத்திரப்படுத்துங்கள். எந்த நேரத்திலும் வரலாம் என்பதை அவள் தந்தையும் தம் வாயால் சொல்லட்டும்.

கேள்வி: பக்கத்து வீட்டில் இரவுதோறும் அடிக்கும் சத்தம் கேட்கிறது. மூன்றாம் மனிதனான நான் புகார் கொடுத்தால் என் மேல் வழக்கு வருமா?
– வாசகர், மதுரை

பதில்: வராது. குடும்ப வன்முறை நடப்பதாக நம்புவதற்குக் காரணம் இருந்தால், யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம் என்கிறது சட்டத்தின் 4-ஆவது பிரிவு. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ தொடுக்க முடியாது என்பதையும் அதுவே சொல்கிறது. மகளிர் உதவி எண் 181-ஐ அழையுங்கள். குழந்தைகளும் அடி வாங்குவதாகத் தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் அழையுங்கள். அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேச உங்கள் வீட்டுப் பெண்களால் முடியுமென்றால், அவருடைய கணவர் வேலைக்குப் போயிருக்கும் பகல் நேரத்தில் பேசச் சொல்லுங்கள்.