சிகாகோவில் மூன்று நாள்: முழங்கால் வலியுள்ள அம்மா, ஒன்பது வயது மகன், என்ன பார்ப்பது?

கேள்வி: ஒஹாயோ மாநிலம் கொலம்பஸில் இருக்கிறோம். ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். ஜூன் கடைசி வாரம், வியாழன் காலை காரில் கிளம்பி ஞாயிறு திரும்புவதாக சிகாகோ போகிறோம். மகனுக்கு ஒன்பது வயது, டைனோசர் பைத்தியம். அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது, முழுச் சைவம். நாங்கள் மாட்டிறைச்சி தவிர மற்றது சாப்பிடுவோம். எதைப் பார்ப்பது, எதை விடுவது? சிட்டிபாஸ் வாங்கலாமா?

பதில்: முதலில் பாஸ் விஷயத்தை முடித்துவிடுவோம். உங்கள் குடும்பத்துக்கு அது வேண்டாம். சிகாகோ சிட்டிபாஸ் என்பது பல இடங்களுக்குச் சேர்த்து வாங்கும் ஒரே டிக்கெட், மொத்தம் ஐந்து இடங்கள். அதில் ஷெட் அக்வேரியமும் வில்லிஸ் டவர் ஸ்கைடெக்கும் கட்டாயம், மீதி மூன்றைத்தான் நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். முழங்கால் வலியோடு மூன்று நாளில் ஐந்து இடம் என்பது ஓட்டப்பந்தயம். தவிர, ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டில் 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இலவசம். மகனின் பாஸில் அதைச் சேர்த்தால் ஓசியில் கிடைப்பதற்குப் பணம் கட்டியதாகும். இந்த ஊரில் பார்க்க வேண்டியவற்றில் பாதிக்கு டிக்கெட்டே கிடையாது. ஒரு நாளைக்குக் காசு கொடுத்துப் பார்ப்பது ஒன்று, அதிகம் போனால் இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கார். ஓட்டலில் போய்ச் சேர்ந்ததும் நிறுத்திவிட்டு ஞாயிறு வரை தொடாதீர்கள். நகர மையத்து ஓட்டல்களில் ஒரு இரவு பார்க்கிங்குக்கே 50 டாலருக்கு மேல் ஆகும், அறை வாடகையில் அது சேராது. ஸ்பாட்ஹீரோ போன்ற செயலியில் பக்கத்துக் கட்டடத்தின் கராஜை முன்பதிவு செய்தால் பெரும்பாலும் குறையும். ஆனால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்: இரவு முழுக்க நிறுத்தலாமா, உங்கள் வண்டியின் உயரம் உள்ளே போகுமா. மினிவேனின் கூரையில் பெட்டி கட்டியிருந்தால் பல கராஜ்களில் நுழையாது. வாக்கர் டிரைவ் என்ற ஆற்றோரச் சாலை மேலே ஒன்று, கீழே ஒன்று என்று அடுக்காகப் போகிறது. கீழ் அடுக்கில் ஜிபிஎஸ் தடுமாறும், திருப்பம் தவறும். முகவரி வாக்கர் டிரைவ் என்றிருந்தால் மேல் அடுக்கா கீழ் அடுக்கா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஊபர் அழைக்கும்போதும் இதே குழப்பம் வரும்: வண்டி வந்துவிட்டது என்று செயலி சொல்லும், அது உங்கள் காலுக்குக் கீழே நின்றுகொண்டிருக்கும்.

சிகாகோ நேரம் ஒஹாயோவுக்கு ஒரு மணி நேரம் பின்னால். ஆறு மணி நேரப் பயணம் என்றாலும் காலை எட்டுக்குக் கிளம்பினால் அங்கே மதியம் ஒன்றுதான் ஆகியிருக்கும். அன்றைக்கு டிக்கெட் எதுவும் வாங்காதீர்கள், மில்லேனியம் பார்க் போதும். அனிஷ் கபூர் செய்த கிளவுட் கேட், ஊரார் வாயில் 'பீன்', 168 ஸ்டீல் தகடுகளை ஒட்டி, ஒட்டின தடமே தெரியாமல் பளபளக்கத் தேய்த்தது. எல்லோரும் வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதன் அடியில் போய் அண்ணாந்து பாருங்கள், உங்கள் குடும்பம் அஞ்சாறாகப் பெருகி வளைந்து தெரியும். பக்கத்தில் கிரவுன் ஃபவுண்டன். ஐம்பதடி உயரக் கண்ணாடிக் கோபுரம் இரண்டு, அதில் சிகாகோவாசிகளின் முகங்கள் மாறி மாறி வரும், சில நிமிடங்களுக்கு ஒருமுறை வாயிலிருந்து தண்ணீர் கொட்டும். மகன் நனையாமல் திரும்ப மாட்டான். மாற்று உடுப்பும் ஒரு துண்டும் கையில் இருக்கட்டும். பாலத்தைத் தாண்டினால் மேகி டேலி பார்க், விளையாட்டுத் திடல், அதுவும் இலவசம். பெரியவர்கள் உட்கார இடம் உண்டு. ஏரிக்கரையில் சாயங்காலம் வெப்பம் சட்டென்று இறங்கும், ஜூனிலும் அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் தேவைப்படும்.

வெள்ளிக்கிழமை காலை, ஆற்றுப் படகு. ஒரே ஒரு டிக்கெட்டுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் அது இதற்குத்தான். காரணம் எளிது. 1871 தீயில் எரிந்துபோன நகர மையத்தைத் திரும்பக் கட்டியபோதுதான் உயரக் கட்டடம் என்ற யோசனையே இங்கே வளர்ந்தது. அந்தக் கட்டடங்களைத் தெருவில் நின்று பார்த்தால் கழுத்துதான் வலிக்கும். ஆற்றின் நடுவிலிருந்து பார்த்தால் முழுசாகத் தெரியும், அம்மா ஓரடி நடக்க வேண்டாம்.

படகு வகைகளில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 'கட்டடக்கலைப் பயணம்' என்ற பெயரில் முக்கால் மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை விற்கிறார்கள். ஒன்றரை மணி நேரப் பயணத்தை எடுங்கள், ஆற்றின் மூன்று கிளைகளிலும் அதுதான் நின்று நிதானமாகப் போகும். சிகாகோ ஆர்கிடெக்சர் சென்டர் நடத்தும் பயணத்தில் பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் பேசுவார்கள். வேறு சில நிறுவனங்களின் ஒன்றரை மணிப் பயணங்களும் நன்றாகவே இருக்கும். 'ஆறும் ஏரியும் சேர்த்து' என்று வருவதை முதல்முறை வருகிறவர்கள் எடுக்க வேண்டாம். 1900இல் கால்வாய் வெட்டி இந்த ஆற்றின் ஓட்டத்தையே திருப்பிவிட்டார்கள், ஏரிக்குள் விழுந்த ஆறு இன்று ஏரியை விட்டு விலகி ஓடுகிறது. ஏரி மட்டம் ஆற்றைவிட வழக்கமாகச் சில அடி உயரம் என்பதால் நடுவே ஒரு நீர்ப்பூட்டு. படகு அதற்குள் நுழைந்து, கதவு மூடி, மட்டம் சரியாகி, மறு கதவு திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். சிறுவர்களுக்கு வேடிக்கைதான், ஆனால் கட்டடம் பார்க்கிற நேரம் அதில் போய்விடும்.

மேல் தளத்தில் நிழல் கிடையாது. காலை முதல் பயணத்தை எடுத்து, தொப்பியும் தண்ணீரும் கொண்டுபோங்கள். லேசான மழைக்கெல்லாம் படகு நிற்காது, இடி மின்னல் வந்தால் நிறுத்துவார்கள். மிஷிகன் அவென்யூ பாலத்தருகே படகுத்துறைக்கு இறங்கப் படிக்கட்டு உண்டு. படியில்லாத பாதை எந்தப் பக்கம் என்று முன்பதிவின்போதே போனில் கேட்டு, காலை அரை மணி முன்னதாகப் போங்கள். படகில் மகனுக்கு ஒரு வேலை கொடுக்கலாம்: மக்காச்சோளக் கதிர் மாதிரி நிற்கும் மெரினா சிட்டி இரட்டைக் கோபுரத்தில் எத்தனை மாடி கார் நிறுத்தம் என்று எண்ணச் சொல்லுங்கள். விடை 19. இறங்கியபின் பாலத்தின் வடகரையில் டிரிப்யூன் டவர். அதன் அடிச்சுவரைக் கையால் தொட்டுப் பார்க்கலாம், உலகெங்கும் இருந்து கொண்டுவந்த கல் துண்டுகளை ஊர்ப்பெயரோடு பதித்திருக்கிறார்கள். தாஜ்மகால் கல் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்.

மதியம் ஆர்ட் இன்ஸ்டிட்யூட். செவ்வாய், புதன் விடுமுறை, வியாழன் இரவு எட்டு வரை உண்டு. வெள்ளி உங்களுக்குச் சரி. சிங்கங்கள் நிற்கும் முன்வாசலில் படிகள் இருக்கின்றன. மன்ரோ தெருவில் உள்ள மாடர்ன் விங் வாசல் தரைமட்டம், அதன் வழியே போங்கள். சக்கர நாற்காலி இலவசமாகத் தருவார்கள், முதலில் வருபவருக்கு முதலில். 'எனக்கெதுக்கு அதெல்லாம்' என்று அம்மா சொல்வார். எடுத்துக்கொள்ளுங்கள், இந்த இடத்தில் நடை கொஞ்சநஞ்சமல்ல.

எல்லாரும் ஓடுவது ஸோராவின் ஞாயிற்றுக்கிழமைத் தீவு, ஹாப்பரின் இரவு உணவகம், கிராண்ட் வுட்டின் கவட்டைக் கோலோடு நிற்கும் விவசாயி ஆகிய மூன்று ஓவியங்களுக்கு. பாருங்கள். ஆனால் உங்கள் அப்பாவை ஆல்ஸ்டார்ஃப் காட்சிக்கூடத்துக்குக் கூட்டிப்போக மறக்காதீர்கள். ரயில் தண்டவாளத்துக்கு மேலே பாலம்போல் அமைந்த நீண்ட கூடம், இந்திய, தென்கிழக்காசியச் சிற்பங்கள். அங்கே நாகப்பட்டினத்துப் புத்தர் ஒருவர் இருக்கிறார். கருங்கல், சோழர் காலம், பன்னிரண்டாம் நூற்றாண்டு, உட்கார்ந்த நிலையிலேயே ஐந்தடிக்கு மேல் உயரம், உள்ளங்கையில் சக்கரக் குறி. ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசர் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்தை எழுப்பிய ஊர் நாகை. சோழநாட்டில் பௌத்தம் எவ்வளவு காலம் தழைத்தது என்பதற்கு இதைவிடக் கண்கூடான சாட்சி எங்கே கிடைக்கும்? சோழர் காலத்து நடராசர் செப்புத் திருமேனியும் இந்தச் சேகரிப்பில் உண்டு. காட்சிப் பொருள்களை அவ்வப்போது மாற்றுவார்கள், நுழைவில் தகவல் மேசையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது நல்லது.

1893 செப்டம்பர் 11 அன்று விவேகானந்தர் பேசியதும் இதே கட்டடத்தில், அப்போது போட்டிருந்த தற்காலிக அரங்கில். அவரை அனுப்பப் பணம் திரட்டியவர் சென்னை அளசிங்கப் பெருமாள். வெளியே மிஷிகன் அவென்யூவில் விவேகானந்தர் பெயரில் தெருப்பலகை இருக்கிறது. அப்பா அதனடியில் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் வர மாட்டார்.

சனிக்கிழமை டைனோசர். ஃபீல்ட் மியூசியத்துக்குத் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். 146 எண் பஸ் நேரே கொண்டுவிடும், எல்லா பஸ்ஸிலும் சாய்தளம் உண்டு. அடிப்படை டிக்கெட் போதும், அதிலேயே டைனோசர் பகுதி அடக்கம். நுழைந்ததும் பெரிய மண்டபத்தில் நிற்பது மாக்சிமோ, டைட்டனோசர், அது வார்ப்பு. உண்மை எலும்பு மேல் தளத்தில்: சூ என்ற டி. ரெக்ஸ், 1990இல் தெற்கு டகோட்டாவில் கிடைத்தது, நீளம் 40 அடி. உடலில் பொருத்தியிருக்கும் தலை மட்டும் வார்ப்பு, அசல் மண்டையோடு கனம் தாங்காது என்பதால் தனிக் கண்ணாடிப் பெட்டியில். தாடை எலும்பில் உள்ள ஓட்டைகளை மகன் அதில் கிட்டப்போய்ப் பார்க்கலாம். கீழே சாவோ ஆட்கொல்லிச் சிங்கங்கள் இரண்டு. 1898இல் கென்யாவில் ரயில்பாதை போட்ட தொழிலாளர்களைத் தின்றவை, அவர்களில் பலர் இந்தியாவிலிருந்து போனவர்கள். அதே நாளில் ஷெட் அக்வேரியத்தையும் சேர்க்க நினைக்காதீர்கள். சனிக்கிழமைக் கூட்டத்தில் மீனைவிட முதுகுதான் அதிகம் தெரியும். பதிலாக ஆட்லர் பிளானட்டேரியம் இருக்கும் முனை வரை போய் ஏரிச்சுவரில் உட்காருங்கள். நகரத்து உயரக் கட்டடங்களின் முழு வரிசையும் அங்கிருந்துதான் ஒரே பார்வையில் கிடைக்கும், காசில்லாமல். பக்கத்து சோல்ஜர் ஃபீல்டில் அன்று கச்சேரியோ ஆட்டமோ இருக்கிறதா என்று மட்டும் முன்பே பாருங்கள். இருந்தால் மதியத்துக்குமேல் பஸ்ஸும் டாக்ஸியும் நகராது.

கோபுரம் ஏறுவது உங்கள் விருப்பம், ஆனால் இரண்டில் ஒன்றுதான். வில்லிஸ் டவரில் 103ஆம் மாடியில் வெளியே நீட்டிய கண்ணாடிப் பெட்டியில் நிற்கலாம். முன்பு ஹான்காக் சென்டர் என்றிருந்த கட்டடத்தின் 94ஆம் மாடியில் ஏரியும் கரையும் சேர்ந்த காட்சி இதைவிட அழகு, வரிசையும் பெரும்பாலும் குறைவு. இரண்டுக்கும் பொறியாளர் டாக்காவில் பிறந்த ஃபஸ்லூர் ரஹ்மான் கான். வில்லிஸ் என்பது ஒன்பது சதுரக் குழாய்களைச் சேர்த்துக் கட்டிய கட்டு: 50ஆம் மாடியில் இரண்டு, 66இல் இரண்டு, 90இல் மூன்று நின்றுவிட, மீதி இரண்டு மட்டும் உச்சிக்குப் போகும். இதைத் தெருவிலிருந்தே பார்த்துவிடலாம். டிக்கெட்டை வாரக்கணக்கில் முன்னால் வாங்காதீர்கள். மேகம் இறங்கினால் மேலே வெறும் வெள்ளைதான், அதற்காகப் பணம் திரும்ப வராது. அன்று காலை வானத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஏரிக்குள் நீண்டிருக்கும் நேவி பியர் என்ற துறைமேடை கடைத்தெரு மாதிரி. கோடையில் புதன், சனி இரவுகளில் வாணவேடிக்கை, அதற்காக மட்டும் போகலாம்.

ஒரு மலிவான வேடிக்கை விட்டுப்போகக் கூடாது: பிரவுன் லைன் ரயில். வாஷிங்டன்/வாபாஷ் நிலையத்தில் லிஃப்ட் உண்டு, அங்கே ஏறுங்கள். ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டுக்குப் பக்கத்து ஆடம்ஸ்/வாபாஷில் லிஃப்ட் இல்லை, அம்மாவோடு அங்கே போய் மாட்டிக்கொள்ள வேண்டாம். ரயில் ஆற்றைக் கடந்து வடக்கே போகும். ஃபுல்லர்டனில் இறங்கி எதிர்ரயிலில் திரும்பினால், மாடி ஜன்னல்களுக்கு எதிராகவே நகர மையத்தை ஏறக்குறைய முழுச்சுற்றுச் சுற்றி ஏறிய இடத்திலேயே இறக்கிவிடும். அலுவலக நேரம் தவிர்த்துப் போங்கள். ரயிலுக்கும் பஸ்ஸுக்குமான கட்டண அட்டை வென்ட்ரா. ஒரே அட்டையில் பணம் போட்டு ஆளுக்கொரு தட்டு தட்டலாம், ஆனால் ஒருநாள் பாஸ் ஆளுக்கு ஒன்று வாங்க வேண்டும்.

சாப்பாடு. சிகாகோ ஹாட் டாக் மாட்டிறைச்சி, 'இத்தாலியன் பீஃப்' சொல்லவே வேண்டாம். உங்களுக்கு டீப் டிஷ் பீட்சாதான். கனம் அதிகம் என்பதால் வேக அரை மணிக்கு மேல் ஆகும், சீஸ் கருகாமலிருக்கத் தக்காளிச் சாறு மேலே இருக்கும். மேசைக்குக் காத்திருக்கும்போதே ஆர்டர் கொடுத்துவிடுங்கள், பல கடைகள் எடுத்துக்கொள்ளும். கீரை போட்டது சைவம். ஐந்து பேருக்கு நடுத்தர அளவு ஒன்றும் சாலடும் போதும், இரண்டு சொன்னால் ஒன்று பெட்டியில் ஓட்டலுக்கு வரும். தோசை வேண்டுமென்றால் டெவன் அவென்யூ: ரெட் லைனில் லயோலா வரை, அங்கிருந்து 155 பஸ். வெஸ்டர்ன் அவென்யூ தாண்டியதும் இந்தியக் கடைகள் தொடங்கும். 1974இல் படேல் பிரதர்ஸ் பிறந்த தெரு அது.

ஞாயிறு காலை லிங்கன் பார்க் மிருகக்காட்சிசாலை அல்லது கோயில், இரண்டும் முடியாது. ஒன்று வடக்கே, மற்றது தென்மேற்கே. மிருகக்காட்சிசாலை ஆண்டு முழுக்க இலவசம். கோயில் என்றால் லெமான்ட்: ராமருக்கு ஒன்று, சிவன், துர்க்கைக்கு ஒன்று என்று ஒரே வளாகத்தில் இரண்டு கோயில்கள். நடை சாத்தும் நேரம் நாளுக்கு நாள் மாறும், பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கிருந்து ஐ-355 தெற்கே இறங்கி ஐ-80 கிழக்கே பிடித்தால் நகரத்துக்குள் திரும்பி வர வேண்டியதில்லை. 355 கட்டணச் சாலை, ஒஹாயோவின் இ-ஸீபாஸ் அங்கே செல்லும். திரும்பும்போது ஒரு மணி நேரம் கையைவிட்டுப் போகும், ஆகவே மதியம் பன்னிரண்டுக்குள் வண்டியை எடுத்துவிடுங்கள்.